எங்கள் குதிக்காலும் ஆமிச் சப்பாத்தும்

சுனாமிக்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த நிவாரணப் பொருட்களில் ஆகப் பயனற்றது எது என்று ஒரு போட்டி வைத்திருந்தால், ட்ரம்பெட்டுக்கு இரண்டாமிடம்தான் கிடைத்திருக்கும். முதலிடம் கம்பளிச் சட்டைகளுக்கு. கிழக்கிலங்கைச் செட்டிபாளையத்து வெயிலில் சீருடையே உடம்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் பிள்ளைகளுக்கு, ஏதோ குளிர்நாட்டு அம்மாமார் கண் நோகப் பின்னி அனுப்பியவை அவை. அடுத்த பெட்டிகளைத் திறந்தால் உள்ளே பித்தளை. ட்ரம்பெட், ட்ரொம்போன், சாக்ஸபோன், இன்னும் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு பெரிய சுருட்டுக் குழல். கிணறெல்லாம் உப்பாகிப்போய், தண்ணீர் பவுசருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊருக்கு ஊதுகுழல் எதற்கு என்று யாரோ கேட்டார்கள். மனக்காயம் ஆறுவதற்கு என்று வெள்ளை வாகனத்தில் வந்த அம்மணி சொன்னார். அதிபர் அதை மொழிபெயர்த்தார். நாங்கள் கைதட்டினோம்.

மனக்காயம் ஆறியதோ தெரியாது, உதடு வீங்கியது.

எங்களுக்குப் பழக்க ஓய்வுபெற்ற பாண்ட் மாஸ்டர் ஒருவரை எங்கிருந்தோ பிடித்து வந்தார்கள். அவருக்கு நான்கு அணிநடைப் பாட்டுகள் தெரியும். ஐந்தாவதாக ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்ற சந்தேகம்கூட அவருக்கு வந்ததில்லை. சங்கீதம் என்பது பிரதம விருந்தினரைப் பள்ளி வாசலில் ஏற்றி மேடையில் இறக்கும் ஒரு வாகனம் என்பது அவருடைய கொள்கை. இடது கால் நிலத்தில் படும்போது முதல் சுரம் வர வேண்டும். கால் நின்றால் வாய் நிற்க வேண்டும். மழைக்கு வகுப்பறைக்குள் பழகினாலும் மேசைகளுக்கு நடுவே நின்ற இடத்திலேயே நடந்தோம். பள்ளியை விட்டு வெளியேறும்வரை ஒருநாள்கூட உட்கார்ந்து வாசித்ததில்லை. ஊரில் எங்களைச் சுனாமி பாண்ட் என்றார்கள். கேலியாகத்தான்.

இந்தப் பயிற்சியோடுதான் நாங்கள் மூன்று பேர் உலக ஃபங்க் இசைக்குள் காலடி எடுத்து வைத்தோம்.

வடக்கில் போர் முடிந்து அடுத்த வருடம் அது. நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருந்தேன். எங்கள் நாட்டில் வெட்டுப்புள்ளிக்குக் காத்திருப்பதும் ஒரு முழுநேர வேலை. யாரும் உங்களை எதற்கும் கூப்பிட மாட்டார்கள். வீட்டில் மட்டும் தேங்காய் துருவக் கூப்பிடுவார்கள். என்னோடு படித்த தோழி பாண்டில் ட்ரொம்போன் வாசித்தவள். களுவாஞ்சிக்குடியில், மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஓர் என்.ஜி.ஓ. அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். எங்களுக்கு ஒரு வகுப்பு இளையவள் சாக்ஸபோன். அவள் பரீட்சைக்குப் படிப்பதாக வீட்டில் நம்பினார்கள்.

தோழியின் தாய்மாமன் மகன் ரொறன்ரோவில் இருந்தான். நடக்கப் பழகிய வயதில் போனவன். கிட்டார் வாசிப்பான். முறைக்கு மச்சான் என்பதால் அவன் கணினியில் கூப்பிடும்போதெல்லாம் தோழியின் தாய் பின்னால் நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்வார். ஒருநாள் பேச்சுவாக்கில் தோழி, தான் ட்ரொம்போன் வாசித்ததைச் சொல்லிவிட்டாள். அங்கே நாற்காலி விழும் சத்தம் கேட்டதாம்.

"உண்மையான ட்ரொம்போனா? நீயா? வேறு யாராவது வாசிப்பாங்களா?"

"ட்ரம்பெட் ஒருத்தி, சாக்ஸ் ஒருத்தி."

"ஓ மை காட்! உங்களிடம் ஒரு ஹோர்ன் செக்ஷனே இருக்கு!"

எங்களிடம் அப்படி ஒரு பித்தளைப் பிரிவு இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது.

திட்டம் இதுதான். ஒரு பழைய அமெரிக்க ஃபங்க் பாட்டை எடுத்துப் புதிதாக வாசிப்பது. கிட்டாரும் பேஸும் ரொறன்ரோவில் அவன். ட்ரம்ஸ் லண்டனில் பஸ் ஓட்டும் தமிழர் ஒருவர். பித்தளை நாங்கள். அவரவர் இருக்கிற இடத்தில் பதிவுசெய்து அனுப்ப, அவன் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஒரு குழு.

மூலப் பாட்டை அவன் அனுப்பினான். கொமினிகேஷன் கடையில் மணிக்குக் காசு கட்டி இணையம் பார்க்கும் மூலைக் கணினியில் அதைக் கேட்டபோது என் தலைக்குள் நான்கு அணிநடைகளும் ஒரேயடியாக இடறி விழுந்தன. ட்ரம்பெட்டை இப்படியும் வாசிக்கலாமா? பிரதம விருந்தினர் ஒருவரும் இல்லாமல்? ஒரு சுரத்தை வெடுக்கென்று கடித்துத் துப்பிவிட்டு, அடுத்ததற்கு வருவாயா மாட்டாயா என்று ஆளைக் காக்க வைத்து, போனால் போகட்டும் என்ற நேரத்தில் வந்து இறங்குவது. நான் சைக்கிளில் வீடு திரும்பும்போது கைப்பிடியில் மூன்று விரலால் அடித்துக்கொண்டே வந்து ஒரு மாட்டில் மோதினேன்.

பாட்டின் நடுவில் கிட்டார் ஓய்ந்துவிடும். எட்டு பார், அதாவது எட்டுத் தாளச் சுற்று நீளத்துக்கு ட்ரம்பெட் மட்டும். அதை எனக்குத் தருவதாக மச்சான்காரன் சொன்னான். பெயரும் போடுவதாகச் சொன்னான். ஒரு பாட்டுக்குக் கீழே, ட்ரம்பெட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயர். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பெரிய ஆசை இல்லை. ஆனால் வேறு எந்த ஆசைக்கும் அந்த வருடம் என்னிடம் இடமிருக்கவில்லை. என் பெயரை ஆங்கிலத்தில் எந்த எழுத்துகளில் எழுதுவது என்று அவனுக்கு அனுப்பினேன். பிறகு தகப்பன் பெயரின் முதலெழுத்தை விட்டுவிட்டேனோ என்று திரும்பவும் அனுப்பினேன்.

"லேட்டா வா," என்று அவன் சொல்லித் தந்தான். "பீட்டுக்குப் பின்னால. ஆனா லேட் இல்ல. விளங்குதா?"

விளங்கியது. அவன் சொன்னவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பதால் இன்னும் நினைவிருக்கிறது.

விளையாட்டுப் போட்டிக்குச் சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பழக்குவதாகச் சொல்லி அதிபரிடம் வாத்தியங்களை இரவல் வாங்கினோம். எங்கே பதிவுசெய்வது? எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு நாடா அகலத்தில் கிடக்கிறது. ஒரு பக்கம் அலை இரையும், நடுவில் கல்முனை பஸ் இரையும். வாவிப் பக்கமாக ஒரு சுனாமி வீட்டுத்திட்டம் இருந்தது. கட்டியவர்கள் கோடையில் வந்து இடம் பார்த்திருக்கிறார்கள். மாரியில் வாவி அங்கேதான் வந்து படுக்கும் என்பதை ஊரில் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் திட்டம் தாமதமாகியிருக்கும். ஆகவே எவரும் குடிபோகாத வரிசை வீடுகளில் கோடையில் நெல் மூட்டை அடுக்கினார்கள். அதில் ஒன்றுதான் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம். சுவரை மறைத்து மூட்டைகள் இருந்ததால் எதிரொலி குறைவு. தரைதான் வேறு மாதிரி. அடிமண் இறங்கிப்போய், சீமெந்துக்குக் கீழே வெறும் பொந்து.

தோழி அலுவலக லப்டொப்பைக் கொண்டுவந்தாள். மேசை இல்லாததால் அதைத் தரையில் வைத்தோம். மச்சான்காரன் முன்கூட்டியே அனுப்பியிருந்த கிட்டாரையும் ட்ரம்ஸையும் கேட்க ஹெட்செட் ஒன்றுதான். ஒரு காதுக் குமிழ் எனக்கு, மற்றது தோழிக்கு.

"அப்ப எனக்கு?" என்றாள் சாக்ஸபோன்காரி.

"நீ எங்கட காலப் பாத்து வாசி," என்றாள் தோழி. "இவ்வளவு நாளும் அதத்தானே செஞ்ச நீ."

"ஃபங்குக்கும் காலா?"

"காலுக்கு என்னகா தெரியும், இது ஃபங்கா மார்ச்சா எண்டு?"

அதைச் சொல்லிவிட்டு அவள் இடது குதிக்காலைத் தரையில் அடித்தாள். நானும் அடித்தேன். நாங்கள் இருவரும் வெறுங்கால். இளையவள் மட்டும் பாண்ட் சப்பாத்தோடு வந்திருந்தாள். அது இல்லாமல் அவளுக்குச் சுரம் வராது. மூவரும் நின்ற இடத்தில் நடந்து நடந்து ஊதினோம். காதில் வந்த லண்டன் ட்ரம்ஸ் என் காலுக்கு இறங்கி, என் காலிலிருந்து அவள் கண்ணுக்கு ஏறி, அவள் சாக்ஸில் வெளியே வந்தது. இதைவிடச் சிக்கனமான தொழில்நுட்பம் ரொறன்ரோவில் இருந்திருக்காது. பின்னேரம் வெயில் சாயும் நேரத்தில் ஒரு தடவை முழுப் பாட்டும் பிழையில்லாமல் போனது. என் எட்டு பாரும் அதில் இருந்தது. நான் பின்னால் விட்ட ஒவ்வொரு சுரமும், நான் எங்கே வைக்க நினைத்தேனோ அங்கேயே விழுந்தது. வாயிலிருந்து ட்ரம்பெட்டை எடுத்தபோது மூன்று பேரும் நடையை நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சநேரம் சும்மா நடந்துகொண்டே நின்று சிரித்தோம்.

கடையில் போட்டுக் கேட்டோம். மூலைக் கணினியின் ஒலிபெருக்கிகள் தீப்பெட்டி அளவு. அவற்றில் பித்தளை மட்டும் பளிச்சென்று கேட்டது. தரைச் சத்தம் என்ற ஒன்று அதில் இருப்பது எங்களுக்குத் தெரியவே இல்லை. அனுப்பினோம். மின்சாரம் நின்றது. திரும்ப அனுப்பினோம்.

அடுத்த நாள் மச்சான்காரன் கூப்பிட்டான். அவனுடைய பெரிய ஒலிபெருக்கிகளில் வேறு ஏதோ கேட்டிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆஸ்பத்திரியில் பேசுபவன்போலக் கேட்டான்.

"உங்களுக்குப் பக்கத்தில ஆமி காம்ப் இருக்கா?"

தோழி சிரித்தாள். "எங்கதான் இல்ல? றோட்டோரமா இரிக்கு."

"ஓகே," என்றான். "ஓகே. ஐ அண்டர்ஸ்டாண்ட். நீங்கள் எதுவும் சொல்ல வேணாம்."

அவனுக்கு என்ன விளங்கியது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

ஒரு மாதம்போல ஒரு சத்தமுமில்லை. பிறகு ஒருநாள் களுவாஞ்சிக்குடியில் கொமினிகேஷன் கடைக்காரர் எங்கள் மூவரையும் றோட்டில் கண்டு கையைக் காட்டிக் கூப்பிட்டார். கடையின் கதவைச் சாத்தினார். தனது சொந்தக் கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"புள்ளையள், இது நீங்களா?"

பாட்டு இணையத்தில் ஏறியிருந்தது. படத்தில் இடிந்த வீடு, முள்ளுக்கம்பி, ஒற்றைச் செருப்பு. கடைக்காரரிடம் நல்ல ஒலிபெருக்கிகள் இருந்தன. படம் பார்க்க வைத்திருந்தார். அதில் முதலில் கேட்டது காலடி. தொம், தொம், தொம், தொம். கிட்டார் இல்லை, ட்ரம்ஸ் இல்லை. நெஞ்சு அதிரும் காலடி மட்டும் நீண்டநேரம் நெருங்கி வந்தது. அதற்குப் பிறகுதான் பாட்டு. பித்தளையைக் கிணற்றுக்குள் போட்டு மூடியதுபோல எங்கோ பின்னால் தள்ளியிருந்தான். என் எட்டு பார் வந்தபோது அதன்மேல் காலடியைத் திரும்பவும் பெரிதாக்கி, ட்ரம்பெட்டை ஊளையிடும் நாயாக மாற்றியிருந்தான்.

கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நான் மொழிபெயர்த்தேன். "சுனாமியில் எல்லாவற்றையும் இழந்த மூன்று சகோதரிகள். வெளியே இராணுவச் சப்பாத்துகள். உள்ளே அவர்கள் நிறுத்தாமல் வாசிக்கிறார்கள்."

"எல்லாத்தையும் எண்டா?" என்றாள் இளையவள். "அண்ணனையுமா? அவன் இப்பதானே என்ன ஆட்டோவில கொண்டந்து இறக்கிட்டுப் போறான்."

"இது எங்கட கால்," என்றாள் தோழி. "அந்தப் பாண்ட் சப்பாத்து இவட. மத்த ரெண்டும் எங்கட குதிக்கால்."

"அதுக்கும் கீழ வாசிகா," என்றார் கடைக்காரர்.

அதற்கும் கீழே எங்கள் பெயர்கள் இருந்தன. முழுப் பெயர்கள், ஊரோடு. என் பெயர் ஓர் எழுத்துப் பிசகாமல், தகப்பனின் முதலெழுத்தோடு, ட்ரம்பெட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், நான் கேட்டபடியே இருந்தது.

"நல்ல பாட்டுத்தான்," என்றார் கடைக்காரர். "ஆனா நாளைக்கு ரெண்டு பேர் வந்து இத எந்தக் கடையில இருந்து அனுப்பின எண்டு கேட்டா நான் என்னத்தச் சொல்ற? எடுக்கச் சொல்லுங்க."

வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. போர் முடிந்த அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் ஆட்கள் பாட்டுக் கேட்டார்கள், கல்யாணம் செய்தார்கள், கடனுக்கு ஆட்டோ எடுத்தார்கள். ஆனால் ஆமி, சப்பாத்து, உங்கள் பெயர், உங்கள் ஊர் ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி உலகத்துக்குக் காட்ட மாட்டார்கள். அந்தத் துணிச்சல் ரொறன்ரோவில் இருந்தது. அங்கே அதற்கு ஒரு செலவும் இல்லை.

பயம் ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு வேறொன்று எரிந்தது. சுனாமியில் எங்கள் வீட்டில் போனது சமையலறையும் ஒரு சைக்கிளும். ஆட்கள் போன வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன. அந்த வீட்டுக்காரர்கள் அதைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. அவர்களுடைய இழப்பைக் கழற்றி எடுத்து எங்கள் கழுத்தில் மாட்ட இவன் யார்? அதைவிட, இவன் ஒரு சங்கீதக்காரனா? எந்த நாட்டு இராணுவம் ரொறன்ரோ கிட்டாருக்குத் தாளம் தப்பாமல் நடந்து போகும்? தொடக்கத்திலிருந்து கடைசி பார் வரைக்கும், பாட்டு நிற்கும் இடத்தில் தானும் நிற்கும்? லண்டன் ட்ரம்ஸ்காரருக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது, பாட்டுக்குக் கீழே கருத்தில் கேட்டிருக்கிறார். "அதுதான் அதிசயம்" என்று இவன் பதில் போட்டிருக்கிறான்.

அன்று பின்னேரமே தோழி வீட்டிலிருந்து கூப்பிட்டோம். தாய் வழக்கம்போலப் பின்னால் வந்து நின்றார்.

"பார்த்தீங்களா?" என்றான் அவன், முகம் முழுக்கச் சிரிப்பு. "ஆக்கள் அழுறாங்க. கமெண்ட்ஸ் வாசிச்சீங்களா?"

"அது ஆமி இல்ல," என்றேன். "எங்கட கால்."

"கால்?"

"குதிக்கால். நாங்க நடந்துதான் வாசிப்பம். எங்களுக்கு வேற மாதிரி வராது."

திரையில் அவன் முகம் அப்படியே நின்றது. இணைப்பு நின்றுவிட்டது என்று நினைத்தோம். இல்லை, அவன்தான் நின்றிருந்தான்.

"யூ மீன்... டான்ஸ் மாதிரி?"

"மார்ச் மாதிரி. ஸ்போர்ட்ஸ் மீட்டுக்கு அடிக்கிற மாதிரி."

அவன் சொன்னான்: "ஓகே. ஆனா அது யாருக்கும் தெரியாதே."

"எங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள் தோழி.

"நீங்க விக்டிம்ஸ் இல்லையா?"

"நாங்க பாண்ட்," என்றாள் இளையவள்.

நான் கேட்டது ஒன்றுதான். காலை எடு, பித்தளையை முன்னால் கொண்டுவா, பெயர் இருக்கட்டும். அவன் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தான். அதில் மட்டும் பொய் இல்லை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மைக், லப்டொப்பின் வயிற்றில். காலும் பித்தளையும் ஒரே பதிவில் கலந்து கிடந்தன. ஒன்றைப் பெரிதாக்கலாம், மற்றதை மங்க வைக்கலாம். பிரித்து எடுக்க முடியாது. இருந்தால் இரண்டும் இருக்கும், போனால் இரண்டும் போகும். பெயரைப் பற்றியும் சொன்னான். பெயரில்லாமல், ஊரில்லாமல், அடையாளம் தெரியாத மூன்று பெண்கள் என்று போட்டால் இன்னும் பவர்ஃபுல்லாக இருக்குமாம்.

"மச்சான் சொல்றது நல்லதுக்குத்தானே புள்ள?" என்றார் தோழியின் தாய், சேலைத் தலைப்பைப் பிடித்தபடி.

"நீங்க சும்மா இரிங்கம்மா," என்றாள் தோழி. அந்தக் கல்யாணக் கனவு அங்கே அப்போது முடிந்தது.

திரும்ப வாசித்துத் தருகிறோம் என்றேன். கால் இல்லாமல். ஒரு கிழமை அவகாசம் தந்தான்.

அந்தக் கிழமையைப் போலக் கேவலமான ஒரு கிழமையை நான் பித்தளையோடு கழித்ததில்லை. நெல் மூட்டைகளின் மேல் மூவரும் ஏறி உட்கார்ந்தோம். கால் தரையில் படாது. முதல் வாசிப்பில் இளையவள் உள்ளே வரவே இல்லை. "எனக்கு வாசிக்க ஒண்ணா, கால் தொங்குது," என்று அழப்போகிறவள்போல் சொன்னாள். தோழி தலையை ஆட்டிக் காட்டினாள். தலையோடு ட்ரொம்போனும் ஆடி என் முதுகில் இடித்தது. நான் கண்ணால் தாளம் போட்டேன். கண்ணால் தாளம் போடுகிறவளைப் பார்த்தால் வலிப்பு வந்தவள்போல இருக்கும் என்று தோழி சிரிக்க, அந்த வாசிப்பும் போனது. முழங்காலைத் தட்டினால் கை வேண்டும், கை வால்வில். கடைசியில் ஒருவழியாக மூன்று பேரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடித்தோம். பிழை இல்லை. கடைக்காரரின் நல்ல ஒலிபெருக்கிகளில் போட்டுக் கேட்டோம். கால் இல்லை. என் எட்டு பார் நன்றாகத்தான் இருந்தது. முதல் தடவையைப்போல இல்லை, ஆனாலும் நன்றாக இருந்தது. என் பெயரைப் போடுவதற்குப் போதும்.

அனுப்பினோம். பதில் வந்தது.

"தேங்க்ஸ். ஆனால் இது சாதாரணமா இருக்கு."

சாதாரணம். அந்தச் சொல்லை எத்தனையோ தரம் திரும்பிப் பார்த்தேன். வாசிப்பில் பிழை என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். சுருதி சேரவில்லை, பீட்டுக்கு முன்னால் ஓடுகிறாய் என்று சொல்லியிருந்தால் இன்னொரு கிழமை மூட்டையில் ஏறியிருப்பேன். அவன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பெண்கள் ஒரு பாட்டை ஒழுங்காக வாசித்தால் அவனுக்கு அதில் வேலை இல்லை. யாரோ துரத்திக்கொண்டு வர வேண்டும், அப்போதுதான் எங்கள் ட்ரம்பெட் அவன் காதில் விழும். எங்களுக்குக் கம்பளிச் சட்டை பின்னிய அம்மாமாரை அன்று நான் மன்னித்தேன். அவர்களாவது அளவெடுக்காமல் பின்னினார்கள். இவன் அளவெடுத்து எங்களை வெட்டினான்.

முடிவை நான்தான் எழுத வேண்டியிருந்தது, எட்டு பாரும் என்னுடையது என்பதால். கால் இருக்கட்டும், பெயரை மட்டும் எடு என்று எழுதி அனுப்பியிருந்தால் எட்டு பாரும் கிணற்றுக்குள்ளிருந்தாவது உலகம் சுற்றியிருக்கும். அதை எழுதினேன். அனுப்பவில்லை. எனது சுவாசத்தை அவன் ஆமிக்காரனின் சப்பாத்துக்குப் பின்னால் தொங்கவிட, நான் பெயரில்லாமல் அதற்குச் சம்மதம் சொல்வதா? அழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். எங்கள் சத்தம் ஒன்றும் உன் பாட்டில் வேண்டாம். காலும் வேண்டாம், பித்தளையும் வேண்டாம், பெயரும் வேண்டாம். எல்லாவற்றையும் எடு.

தோழி என் தோளுக்கு மேலால் வாசித்தாள். "உன்ட எட்டு பாரும் போகும்கா," என்றாள்.

"போகட்டும்."

"போகவிட்டுட்டு மறுகா அழக்கூடாது."

"நான் எங்க அழுதன்? ரொறன்ரோவில நாயா ஊளையிட்டதோட சரி."

எடுத்தான். அதையும் சொல்ல வேண்டும், சொன்னவுடன் எடுத்தான். இரண்டு நாளில் பாட்டு வேறு வடிவில் திரும்ப ஏறியது. கடைக்காரர் கூப்பிட்டுக் காட்டினார். படம் அதேதான், முள்ளுக்கம்பி, ஒற்றைச் செருப்பு. காலடிக்கு, எங்கோ படங்களுக்கு விற்கும் ஒலித் தொகுப்பிலிருந்து உண்மையான இராணுவச் சப்பாத்துச் சத்தத்தை எடுத்துப் போட்டிருந்தான். பித்தளைக்குக் கீபோர்ட். என் எட்டு பாரில் ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கீழே, "கிழக்கிலங்கையின் பெயர் சொல்ல முடியாத பெண்களுக்கு" என்று எழுதியிருந்தது.

அதற்குக் கீழே கருத்துகள். நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். அந்த ட்ரம்பெட்டில் அவர்களுடைய வலி கேட்கிறது. அழுதுவிட்டேன். எவ்வளவு உண்மையான சத்தம்.

"அப்ப நாம இல்லாமலே நாம அழுதிரிக்கம்," என்றாள் தோழி.

"நல்லாத்தான் அழுதிரிக்கம்," என்றாள் இளையவள்.

லண்டன் ட்ரம்ஸ்காரர் மட்டும் எனக்கு ஒரு வரி அனுப்பியிருந்தார். தனது ட்ரம்ஸையும் எடுக்கச் சொல்லிவிட்டாராம். காரணம் எழுதவில்லை. நான் கேட்கவுமில்லை, அவரைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே நல்ல எண்ணத்தை விசாரித்துக் கெடுப்பானேன்?

எங்கள் முதல் பதிவும், நாங்கள் காதில் கேட்டு வாசித்த கிட்டாரும் ட்ரம்ஸும் தோழியின் லப்டொப்பில் இருந்தன. அலுவலகம் அதைத் திரும்பக் கேட்பதற்கு முன், கடைக்காரரிடம் ஒரு மென்பொருள் கெஞ்சி வாங்கி நானே ஒன்றாகச் சேர்த்தேன். எனக்குத் தெரிந்த அளவுக்குப் பித்தளையை முன்னால் கொண்டுவந்தேன். கால் அதோடு சேர்ந்து வந்தது, வரட்டும். சீடியில் இறக்கி, மேலே ஒன்றும் எழுதாமல் இளையவளின் அண்ணனிடம் கொடுத்தேன். அவனுடைய ஆட்டோவின் பின் இருக்கைக்கு அடியில் ஒரு பேஸ் ஒலிபெருக்கிப் பெட்டி இருந்தது. அந்த ஆட்டோவில் போகிறவர்களுக்குப் பாட்டு காதால் போகாது, உட்காரும் இடத்தால் ஏறும்.

ஒருநாள் களுவாஞ்சிக்குடியிலிருந்து அந்த ஆட்டோவில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் யாரையோ பார்த்துவிட்டு வந்த ஒரு மாமி, மடியில் பெரிய பையோடு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். எனக்கு அறிமுகமில்லாதவர். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாமி இருக்கையைத் தடவிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, கீழ ஆரோ மா இடிக்கிறாங்க?"

"பாட்டு மாமி," என்றான் அண்ணன்காரன்.

"இது ஆர்ட பாட்டு?"

அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். எதுவும் சொல்லக்கூடாது என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். "ஆரோ வெளிநாட்டு ஆக்கள்," என்றான்.

எட்டு பார் வந்தது. கிட்டார் ஓய்ந்தது. மாமி தலையைச் சரித்துக் கேட்டார். நெற்றி சுருங்கியது.

"ஊதுறவன் பிந்துறான்," என்றார்.

"அவன் பிந்தல்ல மாமி," என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "வேணுமெண்டுதான் பின்னால விடுறான்."

"வேணுமெண்டா? வரவேண்டிய நேரத்துக்கு வராம?"

"ஓம். அதுதான் அதில விசயம்."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"எங்க, அந்த இடத்தத் திருப்பிப் போடு தம்பி, பாப்பம்," என்று சொல்லிவிட்டு, சரிபார்க்க வசதியாகப் பையின் மேல் விரலால் தட்டத் தொடங்கினார்.